உச்சிவேளையில் தண்ணி குடிக்கப் போன செடிகள்

தூவாலிப் பள்ளம் என்கிற அந்த மலையூரில் அந்த வருஷம் சாரல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, அதற்கப்புறம் வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரிக் கிடந்தது, கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. பூ எடுக்கிற பருவத்தில் இருந்த உருளைச் செடிகள் தலை தொங்கி நின்றன, இன்றைக்கு யாராவது பார்ப்பார்கள், நாளைக்கு யாராவது பார்ப்பார்கள் என்று நின்றன, ஒன்றும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை என்றதும் ஒரு நாள் உச்சிவேளையில், ஊரே கஞ்சிக்கு வீட்டுக்குள் போயிருந்த நேரமாகப் பார்த்து, மண்ணிலிருந்து வேரை உருவிக்கொண்டு வரிசையாகத் தண்ணி குடிக்கக் கிளம்பிவிட்டன. குடித்துவிட்டு வெயில் சாய்வதற்குள் திரும்பியும் வந்துவிட்டன. அவ்வளவுதான் விஷயம். ஊர் பட்ட பாடுதான் பெரிய பாடு.

முதலில் பார்த்தது குருவம்மாள். அவள் சாதாரணமாக உச்சிவேளையில் வீட்டுக்குப் போகிறவள் இல்லை, உருளை போட்ட காட்டை விட்டுவிட்டுப் போனால் என்னென்ன நடக்குமோ என்று கல்கட்டின் மேலேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொள்வாள். அன்றைக்கு ஊறுகாயை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். எடுத்துக்கொண்டு திரும்பினால் காட்டில் பார் பாராக, வரிசை வரிசையாக, குழி மட்டும் இருக்கிறது, செடியைக் காணோம். வேறு யாராவதாக இருந்தால் சாமி, பேய், காட்டுப்பன்றி என்று வரிசையாக யோசித்திருப்பார்கள். குருவம்மாள் ஒன்றே ஒன்றுதான் யோசித்தாள்: தவமணி பிடுங்கிவிட்டாள்.

குருவம்மாளுக்கு எதையும் சும்மா நம்பி வழக்கமில்லை. உப்பு வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஜோசியக்காரன் நல்லதாகச் சொல்லிவிட்டால் இவன் எதற்கு நல்லதாகச் சொன்னான் என்று தூக்கம் வராமல் புரளுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரே மகள் பழனிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனபின் அவளுக்கென்று இருந்தது அந்தக் காடு ஒன்றுதான், அதையும் எப்போது எவர் வந்து பிடுங்குவாரோ என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தவமணி அவள் கூடப் பிறந்த தங்கை. அப்பன் விட்டுப்போன ஒரே காட்டை நடுவில் கல்கட்டு வைத்துப் பிரித்து, மேல்காடு அக்காளுக்கு, கீழ்க்காடு தங்கைக்கு.

தங்கை மேல் சந்தேகம் வரக் காரணம் தண்ணிதான். தூவாலிப் பள்ளத்தில் ஒரு பழக்கம் உண்டு, வேறு எந்த மலையிலும் அது கிடையாது. ஊருக்கு மேலே ஒரே ஊற்று, அதிலிருந்து ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மடை, மடை வாயில் ஒரு பலகைக்கல். முறை வருகிறபோது உன் காட்டுக்கு நீ மடை திறக்கக் கூடாது, பக்கத்துக் காட்டுக்காரர்தான் திறக்க வேண்டும். முன்னொரு காலத்தில் அவரவர் மடையை அவரவரே திறந்து, கல்லைத் திரும்ப வைக்க எல்லோருக்கும் மறதி வந்து, மண்வெட்டி மண்ணை விட்டுவிட்டு மண்டையைத் தேடத் தொடங்கியபோது பெரியவர்கள் கூடி யோசித்துச் செய்த ஏற்பாடு அது. உன்னைப் பார்த்து யாருக்கு அதிகம் பொறாமையோ அவன் கையிலேயே உன் தண்ணியைக் கொடுத்துவிடு, அவன் ஒரு சொட்டு அதிகமாக விடமாட்டான். அவன் தண்ணி உன் கையில் இருப்பதால் ஒரு சொட்டுக் குறைக்கவும் மாட்டான். நல்ல ஏற்பாடுதான். மடை மலை மேட்டில், காடு பள்ளத்தில், அங்கே திறக்கிறவர் எவ்வளவு திறந்தார் என்று இங்கே பாருக்குப் பார் தண்ணி திருப்பிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது, அது ஒன்றுதான் குறை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு போகம் முழுக்கக் கிழங்கு விழாத காடு ஊர்ப்பொதுவுக்குப் போய்விடும், ஊர் மூப்பர் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், ஊற்றுத் தண்ணி தரிசில் பாயக் கூடாதாம்.

மழை நின்ற பிறகு வந்த முதல் முறையிலேயே குருவம்மாள் காட்டுக்குத் தண்ணி ஒல்லியாக வந்தது. கடைசிப் பாரை எட்டுவதற்குள் மண் குடித்துவிட்டது. தவமணி பாதிக்கல்தான் தூக்கியிருக்கிறாள் என்று குருவம்மாள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். போய்க் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்பாள், இல்லை என்று சொல்கிறவளை நம்புவது எப்படி? டீக்கடையில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள். தங்கையின் முறை வந்தபோது மடைக்குப் போய் அவளும் பாதிக்கல் மட்டும் தூக்கி, அடியில் ஒரு கூழாங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து அக்காளும் தங்கையும் பேச்சில்லை.

ஆக, குழிகளைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கல்கட்டில் ஏறினாள். ஏறிப் பார்த்தால் தவமணியின் காட்டிலும் குழிதான். இவள் தன் செடியையும் பிடுங்கிவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டிருந்தபோதே புதர்ப் பக்கமிருந்து சரசரவென்று சத்தம் கேட்டது. இலையெல்லாம் நிமிர்ந்து, வேரில் ஈரம் சொட்ட, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு செடிகள் வந்துகொண்டிருந்தன. ஆளைப் பார்த்தும் அவை நிற்கவில்லை. வந்த செடி வந்த செடியாகக் குழிக்குள் இறங்கி மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

ஊர் இதை நம்பச் சிரமப்படவேயில்லை. தாகமெடுத்தால் போகத்தானே செய்யும், மாடு போகவில்லையா என்றார்கள். சிரமம் வேறு இடத்தில் இருந்தது. போகிறபோது யாராவது பார்த்தால் செடிகள் போகமாட்டா, அப்படியே மண்ணுக்குள் ஊன்றிக்கொண்டு வாடும், திரும்பி வருகிறபோது பார்த்தால் கவலைப்படாது. அதனால் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. அதோடு, குடித்துவிட்டு வருகிற மப்பில் எல்லாச் செடியும் சொந்தக் காட்டுக்குத்தான் திரும்பும் என்றும் சொல்வதற்கில்லை. மேட்டுக்காரன் செடி பள்ளத்தில் நின்றது, வடக்குக்காரன் செடி தெற்கில் நின்றது. உன் செடியை நான் கூப்பிட்டேனா என்று ஒருவர், கூப்பிடாமல் எப்படி வரும் என்று இன்னொருவர்.

ஆளாளுக்கு ஒரு நிறத்தில் நூல் எடுத்துத் தண்டில் கட்டினார்கள். பிறகு ஒருவர் நூலை இன்னொருவர் அவிழ்த்துத் தன் நூலைக் கட்டுவதாகச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபின், எப்படியும் அவன் செய்கிறான் என்று எல்லோரும் அதைச் செய்தார்கள். கடைசியில் ஒரே தண்டில் ஊதா, மஞ்சள், பச்சை, கருப்பு என்று தேர் மாதிரி நூல் தொங்கியபோது ஊர் மூப்பர் சன்னாசி கூட்டம் போட்டு, இலை பழுக்கிற அன்றைக்குச் செடி எந்தக் காட்டில் நிற்கிறதோ அந்தக் காட்டுக்காரருக்குத்தான் கிழங்கு என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் அவரவர் வரப்பில் வருகிற செடியை வரவேற்க வழியைப் பெருக்கி, மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று வைக்க ஆரம்பித்தார்கள். மூப்பர் காட்டு வரப்புதான் முதலில் பெருக்கப்பட்டது என்பதையும் ஊர் கவனித்தது.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். பூ விழுந்து கிழங்கு பிடிக்கிற இந்த நேரத்தில்தான் செடிக்குத் தண்ணி ரொம்ப முக்கியம், காயவிட்டுக் காயவிட்டுக் கொடுத்தால் கிழங்கு வெடிக்கும், காலையில் வேரில் கொடுங்கள், இலை பழுத்தபின் நிறுத்திவிடுங்கள், உச்சிவெயிலில் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்றார். நாங்கள் எங்கே கொடுக்கிறோம், அதுவாகப் போய்க் குடிக்கிறது என்றார்கள். அவர் சற்று யோசித்து, நேரத்தையாவது மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.

குருவம்மாள் மட்டும் வரப்பைப் பெருக்கவில்லை. அவள் கல்கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காத ஒன்றிரண்டு உச்சிவேளைகளில் அவளுடைய செடிகள் சில தங்கையின் காட்டில் போய் நின்றுவிட்டன. அவளுக்கு ஒவ்வொன்றையும் முகம் தெரியும். ஓடிப்போன செடிகளைவிட, அவற்றைத் தவமணி பிடுங்கித் திருப்பி வீசாமல் மண் அணைத்து விட்டிருந்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். இப்படியே போனால் இலை பழுக்கிற அன்றைக்குத் தன் காட்டில் ஒரு செடி இருக்காது, காடு ஊர்ப்பொதுவுக்குப் போகும், மூப்பர் அதைத் தவமணிக்கே கொடுப்பார், இது எல்லாம் முதலிலிருந்தே போட்ட திட்டம் என்று அவளுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. கத்தாழை நார் உரித்து, முளைக்குச்சி சீவி, ஒவ்வொரு செடியையும் குட்டி ஆட்டைக் கட்டுவதுபோல் கட்டிப்போட்டாள்.

கட்டிய செடிகள் தினமும் உச்சிவேளையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தன. நார் தண்டில் பதிந்தது. சுற்றிலும் ஊர்க்காடெல்லாம் குடித்துவிட்டு வந்து பச்சையாக நிற்க, அவள் காட்டில் மட்டும் பூ கருகி உதிர்ந்தது. கண்ணெதிரே காய்கிறதே என்று முடிச்சை அவிழ்க்கக் குனிவாள். அவிழ்த்துவிட்டால் போய்விடுமே என்று கையைக் கட்டிக்கொள்வாள். அவளுடைய முறை வந்தது, ஒல்லியான தண்ணி வந்தது, பாதிக் காடு நனைவதற்குள் நின்றது. அடுத்த முறை ஊரைச் சுற்றி வரும்வரை செடி நிற்காது.

ஒரு நாள் தங்கை காட்டுக்குத் திரும்பிய செடிகளைக் கல்கட்டு மேலிருந்து முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் வேர்களில் ஒட்டியிருந்த சேறு வெள்ளையாக இருப்பதைக் கவனித்தாள். தூவாலிப் பள்ளத்து மண் கருப்பு. அடுப்புக்குப் பூச எடுக்கிற வெள்ளைக்களி ஒரே இடத்தில்தான் உண்டு, அது அவளுடைய வாய்க்காலின் மேல்கரை. பொங்கலுக்கு ஊரே அவளிடம் வந்துதான் கேட்கும். என் தண்ணியையா குடிக்கின்றன என்று அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் வழியாக ஏறினாள். அத்தனை வருஷத்தில் காட்டிலிருந்து மடையைச் சந்தேகப்பட்டிருக்கிறாளே தவிர, நடுவில் இருக்கிற வாய்க்காலை அவள் நடந்து பார்த்ததில்லை.

பெரணிப் புதர் மூடிய ஒரு வளைவில், வெள்ளைக்களிக் கரையில், கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. நண்டு வளை. உள்ளே முழங்கை வரை விட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. கரையைத் தாண்டிக் கீழே இறங்கினால், மூங்கில் மறைவில், யாரும் போகாத ஒரு பள்ளத்தில் தண்ணி தேங்கிக் கிடந்தது, சுற்றிலும் சீப்பால் வாரியது மாதிரி வேர்த்தடம். அவள் முறை வருகிறபோதெல்லாம் அவளுக்கு வர வேண்டிய தண்ணியில் பாதி இங்கே இறங்கியிருக்கிறது. அதைத்தான் ஊர்ச்செடி முழுக்கக் குடித்து உயிர் வைத்திருக்கிறது, அவள் கட்டிப்போட்ட செடிகளைத் தவிர. நண்டு ஒன்று கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தது. இந்த நண்டைக் கொண்டுவந்து விட்டது தவமணியாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே சீ என்று ஆகிவிட்டது. ஈரக்களிமண் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டையின் முன்னால் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கீழே போய், கல்கட்டின் மேல் நின்று, பேச்சு நின்றபின் முதல்முறையாகத் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தவமணி நிமிர்ந்து பார்த்தாள், இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள், அக்காளின் பின்னால் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தாள், அரிவாளைக் கீழே போடாமலே ஏறி வந்தாள். வழியெல்லாம் நாலு அடி இடைவெளி விட்டேதான் நடந்தாள். அவளும் அதே அப்பன் மகள்தானே.

ஓட்டையைக் காட்டி குருவம்மாள் சொன்னாள்:

“பாதித் தண்ணி இதுலதான் போயிருக்கு. நீ முழுசாத்தான் திறந்துருக்க. நான்தான் ஊர்பூரா உன்னய அசிங்கப்படுத்திட்டேன்.”

தவமணி குந்தி உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“முத முறை முழுசாத்தான்க்கா திறந்தேன்,” என்றாள்.

“அப்புறம்?”

“நீ எனக்குப் பாதிதான் திறந்த. தண்ணி வர்ற சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. அப்புறம் நானும் பாதிதான்.”

அப்படியானால் குருவம்மாளின் சந்தேகம் சரிதான். நண்டு பாதியைக் குடித்தது, தங்கை பாதியைப் பிடித்தாள், காட்டுக்கு வந்தது கால் பங்குதான். தான் நினைத்தது சரியாகப் போகிறபோதெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதி வரும், பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று. இன்றைக்கு அது வரவில்லை. பொய்யாக நினைத்து நினைத்துத் தானே அதை நிஜமாக்கிவிட்டோம் என்று தெரிந்தபோது அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என் காடு போயிரும் தவமணி,” என்றாள். “அடுத்த முறை வரைக்கும் நிக்காது. எனக்கு வேற ஒண்ணும் இல்ல.”

தவமணி அவள் கையிலிருந்த களிமண்ணைப் பார்த்தாள்.

“அடைச்சுக்க. உன் தண்ணி. யார் கேப்பா?”

அடைத்தால் பள்ளம் வற்றும், தங்கையின் செடியும் ஊர்ச்செடியும் வந்து ஏமாந்து திரும்பும். அடைத்தாலும் கட்டுண்டு கிடக்கிற செடிகளுக்கு இன்றைக்கு ஒரு வாய் தண்ணி வரப்போவதில்லை. குருவம்மாள் களிமண்ணைப் புதருக்குள் எறிந்தாள். இரண்டு பேரும் காட்டுக்கு இறங்கி, ஒரு முனையிலிருந்து அக்காளும் மறுமுனையிலிருந்து தங்கையுமாக நாரை அறுத்துக்கொண்டு வந்தார்கள். முடிக்கும்போது வெயில் நடு உச்சிக்கு வந்திருந்தது.

செடிகள் அசையவில்லை. குருவம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பி நில்லுக்கா,” என்றாள் தவமணி.

“நீ திரும்பு மொதல்ல.”

“நான் திரும்பிட்டா நீ பாப்ப.”

“நான் திரும்பிட்டா நீ உன் காட்டுப் பக்கம் ஓட்டிருவ.”

சொல்லிவிட்டு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்கள். செடிகள் வாடிக்கொண்டிருந்தன. குருவம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் அந்த ஊரின் ஒரே வழிதான். அவள் கையை நீட்டித் தங்கையின் கண்ணைப் பொத்தினாள். தவமணி ஒரு கணம் விறைத்து நின்றுவிட்டு, தன் கையைத் தூக்கி அக்காளின் கண்ணைப் பொத்தினாள். அவரவர் கண்ணை அவரவர் மூடுவதாக இருந்தால் இன்றுவரை அப்படியே நின்றிருப்பார்கள்.

அந்தப் போகம் குருவம்மாள் காட்டில் கிழங்கு விழுந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காய்ந்து குடித்த கிழங்கு, வெடிப்பும் முண்டும் முடிச்சுமாக, எந்த மண்டியிலும் எடுக்கமாட்டார்கள். மூப்பர் சன்னாசி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிழங்கு கிழங்குதான் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் இறங்கிப் போனார். அந்தக் காட்டில் நின்ற செடிகளில் எத்தனை அவளுடையவை, எத்தனை கீழ்க்காட்டிலிருந்து ஏறி வந்தவை என்று அவளுக்கு முகம் பார்த்தே சொல்லத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த உச்சிவேளையில் அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தங்கையின் கையிலிருந்து களிமண் வாசம் வந்தது, கத்தாழை நாரின் வாசம் வந்தது, சின்ன வயதில் ஒரே பாயில் படுத்திருந்தபோது இருந்த சூடு அந்தக் கையில் அப்படியே இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மண் நெகிழ்கிற சத்தம், ஒரு வேர் உருவுகிற சத்தம், இன்னொன்று, இன்னொன்று, பிறகு காடு முழுக்க. இலைகள் அவள் சேலையை உரசிக்கொண்டு போயின, கணுக்காலைத் தடவிக்கொண்டு போயின, எந்தப் பக்கம் போகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்டால் சொல்கிறவளும் பார்க்கவில்லை. அவளுடைய உள்ளங்கைக்குள் தங்கையின் இமை படபடத்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். குருவம்மாளும் திறந்துதான் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை நனைந்தது. அழுகிறாளா, இல்லை, நான் இரக்கப்பட்டு விரலை விலக்க வேண்டும் என்று செய்கிறாளா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.